ஐந்து கருவிக்கும் ஒரே உயரம்

மணல் மூட்டை எல்லோருக்கும் போதாது என்பது காலையிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் ஊரை ஒட்டி ஓடும் ரெட் ஆற்றில் பனி ஒரேயடியாக உருகிக்கொண்டிருந்தது. வடக்கே பள்ளிக்கூடத் தெரு, தெற்கே ஆறு திரும்பும் வளைவு. எந்தப் பக்கம் தண்ணீர் உயரமோ அந்தப் பக்கம் லாரிகள் போகும், மற்றவர்கள் சாமியைக் கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். என் வீடு வளைவில் இருக்கிறது.

எந்தப் பக்கம் உயரம் என்று சொல்ல வேண்டியது டார்லா எழுதிய கம்ப்யூட்டர் நிரல். நகராட்சி நீர்ப்பிரிவில் அவள் எனக்குப் பக்கத்து மேசை. பல வருஷம் தண்ணீர் பில் போட்டுக்கொண்டிருந்தவள், நாற்பது தாண்டிய பிறகு மாலை வகுப்புக்குப் போய் நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். ஆற்றோரக் கருவிகள் நிமிஷத்துக்கு நிமிஷம் அளவு அனுப்பும். அதைப் பழைய வெள்ளக் கணக்குகளோடெல்லாம் ஒப்பிட ஒரு கம்ப்யூட்டரால் ஆகாது. வாடகைக்கு எடுத்த ஒரு கூட்டம் கம்ப்யூட்டர்களுக்கு வேலையைப் பங்கு போட்டுக் கொடுப்பாள். அவற்றுக்கு எண் தெரியும், எழுத்து தெரியும். இந்தக் கருவி, இந்த நேரம், இந்த உயரம் என்று மூன்றையும் சேர்த்து ஒரே பொருளாகப் பார்க்கத் தெரியாது. அதற்காகச் சொந்தமாக ஒரு வகையை உருவாக்கி ‘அளவு’ என்று பெயர் வைத்திருந்தாள். அதை எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும், போன இடத்தில் எப்படிப் பிரிக்க வேண்டும் என்பதெல்லாம் அவளே சொல்லித்தர வேண்டும்.

“ஏம்ப்பா ஆரின், இதக் கொஞ்சம் பாரேன்” என்றாள். “வளைவுல அஞ்சு கருவியும் ஒரே உயரம் காட்டுது. புள்ளி பிசகல.”

“காட்டட்டுமே. நம்ம ஊரு அவ்வளவு மட்டம்மா. வீட்ட விட்டு ஓடிப்போன நாயை மூணு நாளைக்கு வாசல்லயே நின்னு பாத்துக்கிட்டிருக்கலாம்.”

“வடக்குப் பக்கமும் எல்லாக் கருவியும் ஒரே மாதிரிதான் இருக்கு. ஆனா அங்க ஒன்றரை அடி அதிகம்.”

“பின்ன, ஒரே பக்கத்துல தண்ணி சரிஞ்சா நிக்கும்? இதுக்கு வகுப்பு வேறயா?”

மலை பார்த்து வளர்ந்தவன் எவனும் இதை நம்பியிருக்க மாட்டான். நாங்கள் இந்தச் சமவெளியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், சுலபமாக நம்பினோம். எங்கள் மேலதிகாரி க்ளென்னும் எட்டிப் பார்த்துவிட்டு, சரிதானே என்று போய்விட்டார். எனக்கோ அப்பாடா என்று இருந்தது. வடக்கே உயரம் என்றால் என் வீட்டுக்கு ஆபத்தில்லை. அந்த எண்ணை நான் ஏன் கிளறப் போகிறேன்?

டார்லாவுக்கு மனசு கேட்கவில்லை. நிரல் எழுதுகிறவர்கள் கூடும் இணையதளம் ஒன்றில் கேள்வியைப் போட்டாள்: நானே உருவாக்கிய வகையைப் பட்டியலில் சேர்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே வருகிறது, ஏன்? அவ்வளவுதான், மொத்துமொத்தென்று மொத்திவிட்டார்கள். ‘இதெல்லாம் பால பாடம்.’ ‘கேக்கறதுக்கு முன்னாடி தேடிப் பாக்க மாட்டீங்களா?’ கேள்விக்குக் கீழே எதிர் ஓட்டுகள் ஏறிக்கொண்டே போயின. நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தேன்.

“நல்லா வாங்கிக் கட்டிக்கிட்ட போ.”

அவள் காது சிவந்துபோயிற்று. வந்த பதில்களை மேலிருந்து மறுபடி படித்தாள். கொஞ்ச நேரம் கழித்து யாரோ ஒருவர், திட்டாமல், ஒரு வரி எழுதினார்: ‘உயரத்தோட கருவி பேரையும் சேத்து அச்சடிச்சுப் பாருங்க.’

அச்சடித்தாள். ஐந்து வரியிலும், வளைவு முடியும் இடத்தில் உள்ள மில் பாலத்துக் கருவியின் பெயர்தான் இருந்தது. வளைவின் நடுவில் இருக்கும் கருவி ஒன்றையும் காணோம்.

“ஐயோ கடவுளே” என்றாள் மெதுவாக. “கம்ப்யூட்டர் எனக்கு அஞ்சு பெட்டி குடுக்கல, ஆரின். ஒரு பக்கத்துக்கு இருக்கறது ஒரே பெட்டி. ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கறதக் கொட்டிட்டு அடுத்தத நிரப்பிக் குடுத்திருக்கு. நான் உள்ள இருக்கறதப் பிரதி எடுத்து வைக்காம, அந்தப் பெட்டியையே அஞ்சு தடவ பட்டியல்ல சேத்திருக்கேன். அதுல இப்ப கடைசியா நிரப்பினதுதான் இருக்கு.”

“அப்ப வளைவுல எவ்வளவு?”

“தெரியாது.”

கீழே கொட்டகையில் வடக்கே போக லாரிகளைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். பிரதி எடுக்கும் வரியைச் சேர்த்து, நிரலை மறுபடி ஓடவிட்டு, அவள் படியில் இறங்கி ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“க்ளென், லாரிய நிறுத்துங்க.”

“என்ன விளையாட்டு இது?”

“நான் எழுதினது தப்பு.”

“வளைவுதான் உயரமா?”

“அது இன்னும் தெரியாது. இப்ப உங்க கையில இருக்கறது தப்புன்னு மட்டும் தெரியும்.”

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தார்கள். பள்ளிக்கூடத் தெருக்காரர் ஒருவர், “பில் போட்டுட்டு இருந்தவ கையில ஊரக் குடுத்தா இப்படித்தான்” என்றார், காதில் விழட்டும் என்றே. அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. க்ளென் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், லாரி ஓட்டுநரிடம் இறங்கச் சொல்லிக் கை காட்டினார்.

புதுக் கணக்கு வந்தது. வடக்கில் அத்தனை கருவியிலும் பட்டியலில் கடைசியாக இருந்ததுதான் உயரம், மற்றதெல்லாம் தணிவு. தெற்கில் மில் பாலம்தான் தணிவு. வளைவின் நடுவில், வடக்கைவிட இரண்டு அடி அதிகம்.

லாரிகள் தெற்கே திரும்பின. இருட்டும்வரை வரிசையில் நின்று மூட்டை கைமாற்றினோம். எனக்கு அடுத்து நின்றவள் டார்லா. தண்ணீர் மேல்வரிசைக்கு ஒரு மூட்டை கீழே வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத் தெருவில் வெறும் சாக்கடைதான் நிரம்பியதாம்.

பக்கத்து வீட்டுக்காரர் காபி கொண்டுவந்து கொடுத்தார். என் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குடித்தோம்.

“அவனுங்க திட்ட ஆரம்பிச்சப்பவே கேள்விய அழிச்சிடலாம்னு இருந்தேன்” என்றாள். “நீ வேற சிரிச்சியா, அவ்வளவு அசிங்கமாப் போச்சு.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “அப்புறம் ஏன் அழிக்கல?” என்று மட்டும் கேட்டேன்.

இது என்ன கேள்வி என்பது போல் திரும்பிப் பார்த்தாள்.

“உன் வீடு இங்கதானப்பா இருக்கு.”