கோட்டுக்கு ஒரு முதுகு

"அன்னாரின் மறைவோடு ஊவா மாகாணத்தில் ஒரு சகாப்தம் முடிவடைகிறது" என்று வாசலில் ஒலிபெருக்கி முழங்கியபோது, உள்ளே லக்ஷிகா அந்தச் சகாப்தத்தின் இடது கையைக் கோட்டுக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை வளையவில்லை.

சகாப்தத்தின் பெயர் ஜெயரட்ணம். தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா, தோட்டத்து ஆட்களை மேய்த்த பெரிய கங்காணி, வெள்ளைக்காரத் துரைக்குப் பக்கத்தில் கோட்டு போட்டு நின்ற போட்டோ ஒன்று கூடத்தில் தொங்கியது. அதே மாதிரி ஒரு கோட்டைத் தன் எழுபதாவது பிறந்தநாளுக்குப் போட வேண்டும் என்றார். மகள் லக்ஷிகா ஹாலிஎல வீட்டிலேயே பழங்காலத்து உடுப்புகள் தைப்பவள். பங்களா ஹோட்டல் வெயிட்டர்களின் வெள்ளைக் கோட்டெல்லாம் அவள் கை. அந்தக் காலத்தில் இல்லாத எதையும் உள்ளே விடமாட்டாள்: கொம்புப் பொத்தான், பருத்தி நூல், மறைவான இடமெல்லாம் கைத்தையல்.

"உள்தையலை யாரு பார்க்கப் போறா?" என்று போன வாரம் அளவு பார்க்கும்போது அப்பா கேட்டார்.

"நான் பார்ப்பேன்."

அதன்பிறகு அவர் மூச்சைக்கூட விடாமல் விறைப்பாக நின்றார். பிறந்தநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போதே போய்விட்டார். கோட்டு இன்று மத்தியானம்தான் முடிந்தது. மூன்று மணிக்குப் பெட்டியை எடுக்க வேண்டும்.

"தங்கச்சி, முதுகுல வெட்டிட்டா ரெண்டு நிமிசம்" என்று சவப்பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர் கத்தரிக்கோலை எடுத்தார். "எல்லாருக்கும் அப்படித்தான் போடுறோம். அய்யா திரும்பிக் காட்டவா போறாரு?"

"அதை உள்ள வைங்கண்ணே."

"போட்டோவுல தாத்தா போட்டிருக்கிற கோட்டே போட்டோக்காரன்கிட்ட வாடகைக்கு எடுத்ததாம்" என்றாள் அம்மா ராசம்மா, மூக்கைச் சிந்திக்கொண்டே. "அதுக்கு எதுக்குடி இவ்வளவு ரோசம்?"

"வாடகைக் கோட்டுக்கும் முதுகு இருந்திச்சும்மா."

கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, நடுமுதுகுத் தையலைப் பிரித்தாள். வெட்டினால் துணி போகும். பிரித்தால் நூல் மட்டும்தான். இரண்டு பாதியையும் தனித்தனியாகக் கைகளில் ஏற்றியாயிற்று. தம்பி சுபாஸ் அப்பாவை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்ள, அவள் பெட்டிமேல் கவிழ்ந்து, கழுத்திலிருந்து கீழ்நோக்கித் தைக்க ஆரம்பித்தாள். நெல்மணி அளவுத் தையல்.

ஒலிபெருக்கி அப்பாவைக் கல்விமான் ஆக்கியது. சமூகச் சிற்பி ஆக்கியது.

"அக்கா, கை மரத்துப்போச்சு."

"அப்பாவுக்கும்தான். பிடி."

வெளியே பறை தொடங்கியது. மலர்ச்சாலைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். அவள் அவசரப்படவில்லை. கடைசித் தையலை இரண்டு தடவை முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள். சுபாஸ் அப்பாவை மெதுவாக மல்லாத்தினான். கோட்டில் ஒரு சுருக்கமில்லை.

"இப்ப எடுங்க" என்று லக்ஷிகா நிமிர்ந்தாள்.

அப்பாவின் தோளும் கூடவே எழும்பியது.

வாசற்படியில் நின்ற பொம்பளைகள் அலறினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் தோளில் கிடந்த சால்வையின் நுனி முதுகுத் தையலோடு சேர்ந்து தைக்கப்பட்டிருந்தது.

"பிரிச்சுத் திரும்பத் தைப்போமா?" என்று சுபாஸ் ரகசியமாகக் கேட்டான்.

தூக்குகிறவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். லக்ஷிகா கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கிச் சால்வையை வெட்டினாள். மூடியைப் போட்டார்கள்.

உள்ளே போன துண்டு ஒரு சாண் இருக்கும். கிளிப்பச்சை. பொலியெஸ்டர்.