முக்காலில் நின்ற முள்

...எர்த்தாகத்தான் இருக்க வேண்டும், வேறென்ன, பெட்ரோல் மீட்டரே போயிருந்தால் முள் இப்படி நிற்காதே, நேற்றுக் குப்பனூர் ரோட்டில், மச்சானிடம் இரவல் வாங்கிப்போன வண்டி இருமி இருமி நின்றபோதுகூட முக்கால் டேங்க் என்றுதானே காட்டியது, பாழாய்ப்போன முள்... டிக்கிக்குள் தலையை நுழைத்திருந்த சேகருக்கு மூச்சு முட்டியது. டேங்கின் மேலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றினான். முன்சீட்டில் அங்கப்பன், காருக்குச் சொந்தக்காரர், அவன் மனைவி வள்ளிக்கு அண்ணன். “மச்சான், முள்ளு எங்கீங்க நிக்குது?” “முழுசா மேல போயிருச்சு.” ஒயரின் முனையை வண்டித் தகரத்தில் தொட்டான். “இப்பங்க?” “அடியில உளுந்துருச்சு மாப்ள.” அப்படியானால் மீட்டர் நல்லது, ஒயர் நல்லது, கோளாறு இங்கேதான், டேங்கிலேதான்... ஆனால் நேற்று என்ன சொன்னார், நாகலூர் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசலில் நின்றுகொண்டு, “நான் ஓட்டுன வரைக்கும் நல்லாத்தானே காட்டுச்சு? பெட்ரோல உறிஞ்சி வித்துப்போட்டு ஒயரையும் இழுத்து உட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க மாப்ள.” மாப்ள. அதிலும் ஒரு ‘ங்க’. திருடனுக்கும் மரியாதை. வள்ளி அங்கேதான் காப்பிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தாள், தலையே நிமிரவில்லை, ஒரு வார்த்தை, ‘இல்லீங்ணா’ என்று ஒரே ஒரு வார்த்தை...

டேங்கின் எர்த் ஒயரைத் தகரத்தோடு பிடித்திருந்த திருகாணியைத் திருப்புளியால் கழற்றினான், அடியில் கட்டிகட்டியாகத் துரு, ஒரு நாளில் பிடித்த துருவா இது, எத்தனை மழை வேண்டும் இதற்கு! “வந்து பாருங்க மச்சான். கை பட்ட எடமாங்க இது?” அவர் குனிந்து பார்த்தார், விரலால் தேய்த்துப் பார்த்தார், மறுபடி முன்சீட்டில் போய் உட்கார்ந்தார். உப்புத்தாளால் தகரம் மினுங்கும்வரை தேய்த்து, திருகாணியை முடுக்கி, ஒயரை மாட்டினான். “கீள வருதுங்க மாப்ள... கால்ல நின்னுருச்சு.” நேற்று கேனில் வாங்கி ஊற்றியது அவ்வளவுதான், சரியாக அவ்வளவுதான். அழுகை வரும்போல இருந்தது, எதற்கு, ஜெயித்ததற்கா? “உடுங்க மாப்ள, வாய் தவறி வந்துருச்சு, கைய களுவிட்டு வாங்க” என்று அங்கப்பன் உள்ளே போனார். அவ்வளவுதானா?

வள்ளி டீயோடு வந்தாள். “எனக்குத் தெரியுமுங்க, நீங்க அப்படிப் பண்ண மாட்டீங்கன்னு.” தெரியுமா, நேற்றே தெரியுமா, இல்லை, துருவைப் பார்த்த பிறகா... கேட்டால் சொல்லிவிடுவாள், வள்ளிக்குப் பொய் வராது. “சீனி போதுமுங்களா?” என்றாள். போதும் என்றான், இன்னும் குடிக்கவேயில்லை.