பவர்கட் அன்று எடுத்த ரத்தம்

ராசிபுரம் தாண்டி கார் வேகம் பிடித்தபோது ஜெயபிரகாஷ் விசிலடித்துக்கொண்டிருந்தான். நாளைக் காலை சேலத்தில் கூட்டம். மூன்று வருட ஆராய்ச்சி பின்சீட்டில் லேப்டாப்பாகப் படுத்திருந்தது. பக்கத்து சீட்டில் பிரபா.

ஆய்வு நிறுவனத்தில் அவள்தான் கணக்குப் புலி. எந்தப் பிள்ளைக்கு ரத்தத்தில் இரும்பு எவ்வளவு, யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயிற்றுப்போக்கு என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் போட்டு, 'இந்த மருந்தைக் கொடுத்தால் இந்த ஊரில் அடுத்த வருடம் இது நடக்கும்' என்று சொல்லும் கணித மாதிரிகளைக் கட்டுகிறவள். அந்த ரத்தத்தை எடுக்க ஊர் ஊராக முகாம் போடுவது ஜெயபிரகாஷின் இலாகா.

இந்தத் தடவை அவள் கணக்கு போட்ட குண்டு எடப்பாடியில் விழுந்திருந்தது. அங்கே பிள்ளைகளுக்கு இரும்புச் சத்து தாராளம், காய்ச்சலும் தாராளம். மிஞ்சிய இரும்பு கிருமிக்குத்தான் தீனியாகிறது, ஆகவே எடப்பாடியில் இரும்பு சிரப்பை நிறுத்தலாம் என்றது பிரபாவின் மாதிரி. நாளை சிரப் திட்டத்தின் குழு தலையசைத்தால் அடுத்த வாரம் முதல் சிரப் கிடையாது. இந்த முடிவைப் பார்த்துத்தான் லண்டன் பல்கலைக்கழகம் ஒன்று அவளுக்கு வேலை கொடுத்திருந்தது.

போன் அடித்தது. எடப்பாடியிலிருந்து பிரபாவின் அக்கா அன்புச்செல்வி. ஸ்பீக்கரில் ஒரே கூச்சல், குழந்தைகளின் அழுகை.

"சத்தமாப் பேசு சாமி, காதே கேக்கல. டாக்டர்கிட்ட வந்திருக்கேன். சின்னவனுக்குப் போன வாரத்துல இருந்து இருமல்."

"போன வாரமே காட்டறதுக்கு என்னக்கா?"

"தறிய நீ வந்து ஓட்டுவியா? இன்னைக்குத்தான் கரன்ட நிறுத்தியிருக்கறாங்க. ஊரே இங்கதான் கெடக்குது. டோக்கன் வாங்கறதுக்குள்ள தாவு தீந்துபோச்சு. இரு, கூப்புடறாங்க..."

ஜெயபிரகாஷ் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். "கேட்டீங்களா மேடம்? தறி நின்னாத்தான் உங்க ஊர்ப் பொம்பளைங்க வெளிய வருவாங்க. இதைக் கண்டுபிடிச்சதே நான்தான். மத்த ஊர்லல்லாம் பால்வாடி பால்வாடியா அலைஞ்சோம். எடப்பாடியில கரன்ட் இல்லாத நாளாப் பார்த்து கேம்ப் போட்டேன். கூட்டம் அள்ளிக்கிச்சு!"

திரும்பிப் பார்த்தான். பிரபாவின் முகம் மாறியிருந்தது.

"எல்லா கேம்ப்புமா ஜேபி?"

"எல்லாமே."

"எந்த எடத்துல போட்டீங்க?"

"ஆஸ்பத்திரிகளுக்கு நடுவுல ஒரு கல்யாண மண்டபம். போற வழியில அப்படியே வந்துட்டுப் போவாங்கன்னு..."

"யோவ்!"

மூன்று வருடத்தில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"உங்க ஊரு தம்மம்பட்டியில தறி உண்டா?"

"நெல்லும் மரவள்ளியும்தான் உண்டு."

"அதான் உங்களுக்குத் தெரியல! தறிக்காரவுங்க ஊட்ல கரன்ட் நிக்கிற நாள்தான் டாக்டர் நாள். நல்லா இருக்கற புள்ளைய எதுக்குத் தூக்கிட்டு வாராங்க? அது தெருவுல வெளையாடும். இருமற புள்ள, காய்ச்சல்ல காயற புள்ளதான் இடுப்புல வரும். நீங்க ஊரோட ரத்தத்த எடுக்கல. ஊர்ல இருந்த காய்ச்சலோட ரத்தத்த எடுத்துட்டு வந்திருக்கீங்க."

ஜெயபிரகாஷின் விசில் எங்கோ போய்விட்டது. அவனுக்கும் பாடம் தெரியும். காய்ச்சல் வந்தால் உடம்பு, கிருமியின் கைக்குக் கிடைக்காதபடி இரும்பைப் பெட்டியில் போட்டுப் பூட்டும். அந்தப் பெட்டியின் பெயர் பெரிட்டின். ஆய்வில் அளந்தது அதைத்தான். பெட்டி பெரிதாக இருந்தால் வீட்டில் சொத்து அதிகம் என்று ஆகிவிடாது. வாசலில் திருடன் நிற்கிறான் என்றும் இருக்கலாம்.

"காய்ச்சலுக்குன்னு திருத்தம் போட்டீங்களே?"

"போட்டேன். உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற சிஆர்பி சோதனை எடப்பாடிக்கு மட்டும் விட்டுப்போச்சு. மோகனூர் கேம்ப்புல வந்த அளவயே இதுக்கும் எடுத்து வெச்சுட்டேன். இரும்பு ஏறி காய்ச்சல் வரல ஜேபி. காய்ச்சல் வந்து இரும்பு ஏறுன மாதிரித் தெரிஞ்சிருக்குது. நான் தலைகீழாப் படிச்சிருக்கேன்."

அவன் காரின் வேகத்தைக் குறைத்தான். "இப்ப யாருக்கும் தெரியாது. லண்டன் போய்ச் சேந்துட்டு, பொறுமையா ஒரு திருத்தம்..."

"அதுவரைக்கும் சிரப்ப யாரு கொடுப்பா? நீங்களா? சேலம் லேப்ல மீதி ரத்தம் ஃப்ரீசர்ல இருக்குதுல்ல? மறுசோதனைக்கு அனுமதியும் இருக்குது. மிதிங்க!"

மிதித்தான்.

சாயங்காலத்துக்குள் முடிவு திரையில் வந்தது. எடப்பாடி ரத்தக் குப்பிகளில் முக்கால்வாசியில் அழற்சி கொதித்துக்கொண்டிருந்தது. பிரபா அந்த அளவை உள்ளே போட்டு மாதிரியை மறுபடி ஓட்டினாள். இரும்புத் தாராளம் ஆவியாகிப்போனது. ஆய்வு நடந்த ஊர்களிலேயே சிரப் அதிகம் தேவைப்படும் ஊர் எடப்பாடி என்றது கம்ப்யூட்டர்.

அழப்போகிறாள் என்று ஜெயபிரகாஷ் கர்ச்சீப்பைத் தேடினான். அவளோ கையும் களவுமாகத் திருடனைப் பிடித்த போலீஸ்காரி மாதிரி மேஜையைக் குத்தினாள். "பாத்தீங்களா! நான் சொல்லல?" கவிழ்ந்தது அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அந்தச் சந்தோஷம் எந்த ஜாதி என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஆனால் இப்படி ஒரு ஆளோடு வேலை செய்ததே இல்லை என்பது மட்டும் பிடிபட்டது.

அடுத்த நிமிடமே லண்டனுக்கு மெயில் தட்டினாள். உங்களுக்கு அனுப்பிய முடிவு தவறு, சரியானது இன்னும் என்னிடம் இல்லை. சாக்கு ஒன்றும் சேர்க்காமல் அனுப்பியும் விட்டாள்.

மறுநாள் கூட்டத்தில் குழுத் தலைவி கமலவேணி பேனாவை மூடாமலே நிமிர்ந்தார். "மூணு வருஷம் பண்ணிட்டு, முடிவெடுக்கற அன்னைக்கு வந்து தப்புன்னா என்னம்மா அர்த்தம்? யார் தப்பு இது?"

ஜெயபிரகாஷ் தன் முகாம் பட்டியலைப் பார்த்துக் குனிந்தான்.

"மாதிரி என்னோடதுங்க மேடம்," என்றாள் பிரபா. "யாரு வந்தாங்க, எதுக்கு வந்தாங்கன்னு கேக்காமக் கணக்குப் போட்டது நானு. பொறந்து வளந்ததே எடப்பாடிதானுங்க, எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். சிரப்ப நிறுத்தாதீங்க. மறுபடி சரியா எடுத்துட்டு வாரேன்."

"நாள் குறிச்சது நான் மேடம்," என்று ஜெயபிரகாஷும் எழுந்துவிட்டான்.

கமலவேணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்க தப்பைத் தள்ளி விடறவங்களைத்தான் பாத்திருக்கேன். இழுத்துக்கறவங்களை இப்பதான் பாக்கறேன். உக்காருங்க. சிரப் நிக்காது. லண்டன் என்னாச்சும்மா?"

"இன்னும் பதில் வரலைங்க."

அடுத்த வாரமும் வரவில்லை. பிரபா அதைப் பற்றிப் பேசவும் இல்லை. எடப்பாடியில் ஒரு தறிக்கூடத்தில், காது கிழியும் சத்தத்துக்கு நடுவே ஐஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு ஜெயபிரகாஷ் அவள் பின்னால் நடந்தான். நின்றிருந்த தறியில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்தாள். அவள் மகள் கூடத்து வாசலில் நாயைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எம்புள்ள நல்லாத்தானுங்க இருக்கறா! காய்ச்சலா, சளியா? அவளுக்கு எதுக்குங்க ஊசி?"

"நல்லா இருக்கற புள்ளதானுங்கக்கா வேணும்!" பிரபா அவள் காதருகே கத்தினாள். "நல்லா இருக்கறவ ஒடம்புல என்ன இருக்குதுன்னு பாக்கோணும்!"

அந்தப் பெண் ஒரு கணம் யோசித்தாள். பிறகு கையை எட்டி, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த தறியையும் தானே நிறுத்திவிட்டு, மகளைப் பிடிக்க வாசலுக்கு ஓடினாள்.