சுண்டெலியின் முதல் சொல்

தையல்காரம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டுதான் வேலை பார்ப்பாள். அன்றைக்கும் அப்படித்தான். ரொட்டிக்கடைக்காரி முக்காலியின் மேல் பொம்மை மாதிரி நின்றிருந்தாள். அவளுடைய புதுக் கவுனின் விளிம்பைச் சுற்றிலும் ஊசி குத்தியிருந்தது. தரையில் தையல்காரம்மாவின் மகள் சுண்டெலி, நூலில் கட்டிய காந்தத்தை இழுத்தபடி தவழ்ந்துகொண்டிருந்தாள். விழுந்த ஊசிகளைப் பொறுக்குவது அவள் வேலை. யார் காலிலும் ஒன்றுகூடக் குத்திவிடக் கூடாது என்பது அந்த வீட்டில் கிட்டத்தட்ட ஒரு பிரார்த்தனை.

“இடுப்புல இன்னும் கொஞ்சம் இறுக்கேன்” என்றாள் ரொட்டிக்கடைக்காரி.

“இறுக்கினா மூச்சு வராது” என்று ஊசிகளுக்கு இடையில் முணுமுணுத்தாள் தையல்காரம்மா.

“மூச்சு கெடக்கு. என் நாத்தனார் வயிறு எரியணும், அதான் முக்கியம்.”

சுண்டெலி களுக்கென்று சிரித்தாள்.

அப்போதுதான் மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கதவைத் தட்டாமலே இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் அரண்மனையின் மூத்த மந்திரி. தடியூன்றிய கிழவர், படியேறியதில் அவருக்கு மூச்சிரைத்தது. மற்றவர் அவருடைய செயலர். இளைஞர், கசங்காத கறுப்புக் கோட்டு.

தையல்காரம்மாவின் காலமான கணவர் அரசரின் தம்பி. ஒரு தையல்காரியைக் கட்டிக்கொண்டதற்காக அரண்மனை அவரைத் தலைமுழுகிவிட்டது. அவள் கால் அரண்மனை வாசலை மிதிக்கவே கூடாது என்று அரசர் ஆணை போட்டிருந்தார். தம்பியின் சாவுக்குக்கூட அங்கிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

“மலைப்பாதையில கார் உருண்டுடுச்சும்மா” என்றார் மந்திரி. “அரசர் போயிட்டார். கூடப் போன பிள்ளைங்களும்…” மேலே சொல்ல முடியாமல் தலையை ஆட்டினார். பிறகு தரையில் இருந்த சிறுமியைப் பார்த்தார். “மிச்சம் இருக்கறது இவங்கதான்.”

யாரைச் சொல்கிறார் என்று தையல்காரம்மாவுக்கு உடனே புரியவில்லை. சுண்டெலியை இதுவரை யாரும் ‘இவங்க’ என்று சொன்னதில்லை. புரிந்ததும் அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஊசிகள் எல்லாம் சிதறித் தரையில் விழுந்தன.

“சிறுமி மட்டும் வரணும்” என்றார் செயலர். “உங்களைப் பத்தின ஆணை அப்படியே இருக்கு.”

சொல்லிவிட்டு இருவரும் சிறுமியின் முன் மண்டியிட்டார்கள். தையல்காரம்மாவும் மண்டியிட்டாள். மரியாதையால் அல்ல, மகளின் முகத்துக்கு நேராக இருக்க.

“ஐயோ, நான் எப்படி மண்டி போடுவேன்? சுத்திலும் ஊசி!” என்று முக்காலியில் தவித்தாள் ரொட்டிக்கடைக்காரி.

தையல்காரம்மாவுக்குக் கணவர் எப்போதோ சிரித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. முன்னால் மண்டியிட்டவர்களிடம் வாரிசு சொல்லும் முதல் சொல்லை யாரும் தட்டக் கூடாது. பழைய ஆணை எதுவும் அதற்கு முன் நிற்காது. யாராவது எடுத்துக்கொடுத்தால் அது செல்லாது. அதற்குப் பிறகு வாரிசு வளர்ந்து பெரியவராகும்வரை சபை வைத்ததுதான் சட்டம். “எங்க அண்ணன் அந்த நேரத்துல என்ன சொன்னான் தெரியுமா? காலர் குத்துது, கழட்டுங்கன்னான்!” என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருந்தார்.

இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடவுளே, இவள் வாயில் ‘அம்மாவும் வரணும்’ என்ற சொல்லைக் கொடு என்று உதட்டைக் கடித்துக்கொண்டு வேண்டினாள்.

சுண்டெலிக்கோ ஆச்சரியமாக இருந்தது. அந்த அறையில் பெரியவர்கள் மண்டியிட்டால் அதற்கு ஒரே காரணம்தான்: ஊசி தேடுகிறார்கள். அவளும் காந்தத்தை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அம்மாவைச் சுற்றிப் பொறுக்கினாள். செயலரின் கோட்டுக்கு அடியில் துழாவினாள். மந்திரியின் முன் வந்ததும் நின்றுவிட்டாள். அவருடைய முழங்கால் துணியில் சிவப்பாக ஒரு பொட்டு பரவிக்கொண்டிருந்தது.

“தாத்தா, எந்திரிங்க! ஊசி மேல முட்டி போட்டிருக்கீங்க” என்றாள்.

“முதல் சொல் ஆயிடுச்சு” என்று நிம்மதியாக எழுந்தார் செயலர். “கிளம்பலாம்.”

தையல்காரம்மாவுக்கு மகளைக் கோபிக்கவும் வழியில்லை. யாருக்கும் குத்தக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே. சொல்லிக்கொடுத்த நல்லதே பிள்ளையைப் பறித்துக்கொண்டு போகுமா?

மந்திரி எழுந்திருக்கவில்லை. கண்கள் நிறைந்திருந்தன. “எத்தனை பேர் முன்னாடி மண்டி போட்டிருக்கேன். வலிக்குதான்னு ஒருத்தரும் கேட்டதில்ல” என்றார். செயலர் கை நீட்டினார். கிழவர் அதைத் தள்ளிவிட்டார். “‘எந்திரிங்க’ன்னு கட்டளை எனக்கு. எதைப் பிடிச்சு எந்திரிக்கறதுன்னு நான் பார்த்துக்கறேன். அம்மா, உங்க தோளைக் குடுங்க.”

அவள் தோளைக் கொடுத்தாள். கிழவர் மெல்ல நிமிர்ந்தார்.

“இந்தத் தோள் விலகினா நான் உட்கார்ந்துடுவேன். உட்கார்ந்தா கட்டளையை மீறினதா ஆகும். படி இறங்கணும், அரண்மனையில நடக்கணும், தினமும் சபையில நிக்கணும். இவங்க இல்லாம முடியாது.”

“ஐயா, அரசர் போட்ட ஆணை…”

“எது பெருசு தம்பி? இறந்தவர் ஆணையா, வாரிசோட முதல் சொல்லா?”

செயலர் விலகிக் கதவைத் திறந்து பிடித்தார்.

தையல்காரம்மாவுக்கு அழவும் வரவில்லை. கிழவரின் கை தன் தோளில் கனப்பது மட்டும் தெரிந்தது.

“எல்லாரும் போங்க, நல்லா இருங்க” என்றாள் ரொட்டிக்கடைக்காரி, கண்ணைத் துடைத்தபடி. “என்னை யாரு இறக்கி விடுறது?”

“இருங்க அத்தை” என்று சுண்டெலி அவள் காலடியில் உட்கார்ந்தாள். ஒவ்வோர் ஊசியாகப் பார்த்துப் பார்த்து எடுக்கத் தொடங்கினாள். கீழே அரண்மனை வண்டி காத்திருந்தது.