இருபத்து மூன்றாவது பொன்னாடை

மணி நான்கு ஆகியும் தமிழ்ச் சங்கத் தலைவர் அய்யாவு மைக்கை விடவில்லை. ஐந்து மணிக்கு நாங்கள் அரங்கத்தைக் காலி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு பூப்பந்துக்காரர்கள் வலை கட்ட வந்துவிடுவார்கள். எங்கள் நாடகமோ நாற்பது நிமிடம்.

அது 1988. கோலாலம்பூரில் அந்தப் பெரிய உள்ளரங்கம் திறந்து இருபத்தாறு வருடமாகியிருந்தது. நுழைகிற நடையில் சுவர் நிறையப் படம் மாட்டியிருந்தார்கள். குத்துச்சண்டைக்காரர், பூப்பந்து வீரர்கள், ஹாங்காங் பாடகி, மலாய் ராக் குழு, மெட்ராஸிலிருந்து வந்து குலுக்கிவிட்டுப் போன நட்சத்திரங்கள். இந்த ஊரில் உழைத்து இந்த ஊரிலேயே சாகிற தமிழனின் கதை ஒன்றுகூட அந்த மேடை ஏறியதில்லை. நாங்கள்தான் முதல்.

நாங்கள் என்றால் தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரின் கையுறை ஆலையில் வேலை செய்யும் எட்டுப் பெண்கள். எங்களோடு வேலை செய்த தங்கமணியை இயந்திரம் இழுத்துக் கொன்றது. அது பழுது என்று மூன்று முறை சொல்லியிருந்தோம். ஆலைக்காரன் "அந்தப் பெண்ணின் கவனக்குறைவு" என்று ஒரு வரி எழுதி முடித்துவிட்டான். அவள் அம்மா மாரியாயி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சீதா, எம்புள்ள எப்படிச் செத்தாள்னு நாலு பேரு முன்னால சொல்லும்மா."

அதற்குத்தான் நாடகம். ஆறு மாத ஒத்திகை. சங்கத்து விழாவில் இடம் கேட்டோம். "பேச்சு முடிஞ்சதும் உங்க ஐட்டம்தான்" என்றார்கள்.

பேச்சு எங்கே முடிகிறது? ஒருவர் பேச, அவருக்குப் பொன்னாடை. போட்டவருக்கு இன்னொருவர் பொன்னாடை. அதைப் பாராட்டிப் பேசியவருக்கும் பொன்னாடை. நான் எண்ணினேன், இருபத்திரண்டு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாரியாயியை, "அக்கா, இது விஐபி சீட்டு" என்று பின்னால் துரத்தியிருந்தார்கள். அட, வெட்கங்கெட்டவர்களே!

விளக்குப் பலகையைப் பார்த்துக்கொள்ளும் பக்கிரிசாமி அண்ணன் வந்தார். "அஞ்சு மணிக்கு லைட் ஆஃப் லா, தங்கச்சி. ரூல்ஸ். நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"கடைசியாக ஒன்று" என்று அய்யாவு நான்காவது முறையாகச் சொன்னார்.

எனக்குப் பொறுமை செத்துப்போனது. "தூக்குங்கடி" என்றேன். முதல் காட்சியில் தங்கமணியாகப் படுக்கும் சரோஜாவை, ஆலையில் அன்று தூக்கியதுபோலவே பிரித்த அட்டைப்பெட்டி மேல் கிடத்தி, மற்ற ஏழு பேரும் மேடைக்குள் நடந்தோம். மைக்குக்கு நேர் முன்னால் இறக்கி வைத்தோம். அவள் கையிலும் ரவிக்கையிலும் சிவப்புச் சாயம்.

அய்யாவு ஒரு கணம் திகைத்தார். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"ஆகா! நம்ம பொண்ணுங்க சர்ப்ரைஸ் கொடுக்கிறாங்க பாருங்க. இவங்களையும் கௌரவிக்கணும் இல்லையா?"

மேசையில் மிச்சமிருந்த பொன்னாடையை எடுத்துப் பிரித்தார். ஆளை எழுப்பிப் போடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. போட்டுப் போட்டுப் பழகிய கை. படுத்திருந்தவள் மேல் அப்படியே விரித்தார். முகம் வரை மூடிவிட்டது. படம் எடுப்பவன் ஓடி வந்தான்.

"எல்லாரும் ஜோரா கைதட்டுங்க!"

தட்டினார்கள். அத்தனை பேரும் தட்டினார்கள்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"தட்டாதீங்கய்யா! அது எம்புள்ள!"

மாரியாயி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தாள். கைதட்டல் வரிசை வரிசையாக நின்றது. அய்யாவு குனிந்து, தான் மூடியதைப் பார்த்தார்.

"உக்காருங்கய்யா" என்றாள் மாரியாயி. "அவ எப்படிச் செத்தாள்னு கேளுங்க."

விஐபி வரிசையில் இப்போது அவள் உட்கார்ந்தாள். யாரும் எழுப்பவில்லை. நான் அய்யாவு கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். மணி நான்கு இருபது.