கரண்ட் பிடித்தம்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருவன் வந்து கதவைத் தட்டியபோது டல்சி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே அப்போதே நாற்பத்தொரு டிகிரி. வந்தவன் பெயர் ஸ்பைரோ. மீட்டரில் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போவதற்காக மின்சாரக் கம்பெனி அனுப்பிய ஆள். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து ஒரு பெயரை வாசித்து, "இருக்காரா?" என்று கேட்டான்.

அந்தப் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. டல்சியின் மகனுடைய பெயர் அது. அவன் போய் ஒன்பது மாதம் ஆகிறது. ஆஸ்திரேலிய மண்ணின் பழங்குடிகள் நாங்கள்; எங்கள் ஆட்கள் செத்தவர் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் போனவனுக்கும் நிம்மதி கிடையாது, இருக்கிறவனுக்கும் கிடையாது. பெயருக்குப் பதிலாகக் குன்மனாரா என்போம், அவ்வளவுதான். பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் தடியன் ஒருவனுக்கும் அதே பெயர். ஒரு பாவமும் அறியாத அவனையும் ஒன்பது மாதமாக ஊரே குன்மனாரா என்றுதான் கூப்பிடுகிறது.

டல்சி ஈரக் கையோடு காதைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, சொல்லாத தம்பி! உள்ள அவங்கப்பா படுத்திருக்காரு."

ஸ்பைரோ பத்து வருடமாகப் போர்ட் அகஸ்டாவில் மீட்டர் பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவன். சட்டென்று புரிந்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்க ஆன்ட்டி, சத்தியமா தெரியாது. ஆனா கரண்ட் பில் கட்டலையே. இன்னைக்கு வெட்டியாகணும்னு ஆர்டர்."

"கட்டலையா? யாரைப் பாத்துக் கட்டலைங்கற? ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பென்ஷன் போடறதுக்கு முன்னாடியே பிடிச்சுக்கறாங்களே! வாடகை, கரண்ட் எல்லாம் அதுலயே போயிடுது. நான் கண்ணால பாக்கறதே மிச்சம்தான்."

அந்தப் பிடித்தத்தில் டல்சிக்கு அப்படி ஒரு பெருமை. பென்ஷன் நாளன்று அவள் வீட்டு வாசலில் உறவுக் கூட்டம் கொஞ்சமாகவா நிற்கும்? தங்கை மகனுக்கு டீசல், கொழுந்தன் மகளுக்கு நாப்கின், இன்னொருத்திக்கு வெறும் இருபது டாலர். கேட்டால் கொடுத்தாக வேண்டும். இல்லை என்று சொல்ல எங்களில் யாருக்கும் நாக்கு வராது. ஆனால் கைக்கே வராத பணத்தை எவன் கேட்பான்? "கவர்மெண்ட்டு முன்னாடியே எடுத்துக்கிச்சுடா, போய் அங்க கேளு" என்று சொல்லி டல்சி சிரிப்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். யாருக்கும் மனவருத்தம் இல்லை. இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தது மகன்தான். அலுவலகத்துக்குப் போய், படிவத்தை நிரப்பி, "இனிமே நீ ஒண்ணும் பண்ண வேணாம்மா" என்று சொல்லிவிட்டுப் படுத்தவன் மாலை வரை தூங்கினான்.

"லெட்டர் எதுவும் வரலையா ஆன்ட்டி? மூணு நாலு தடவை அனுப்பிச்சிருப்பாங்களே."

வந்திருந்தன. டல்சி உள்ளே போய் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்து வந்தாள். கழுத்து வரை உறைகள், ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒவ்வோர் உறையிலும் அச்சடித்த எழுத்தில் அதே பெயர். தபால் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டே எடுத்து, பெயர் கீழே போகும்படி பைக்குள் போட்டுவிடுவாள். அவனுடைய சட்டைகளைக் கொளுத்தியாகிவிட்டது, படங்களைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்தாகிவிட்டது. இந்தத் தபாலை நிறுத்துவது எப்படி என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

"நீ பிரி தம்பி. பேரை மட்டும் விட்டுட்டுப் படி."

ஸ்பைரோ படியிலேயே உட்கார்ந்து நாலைந்தைப் பிரித்தான். படிக்கப் படிக்க அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. "ஆன்ட்டி, வாடகைதான் உங்க பென்ஷன்ல பிடிக்கறாங்க. கரண்ட் கணக்கு அவர் பேர்ல இருக்கு. பிடிச்சதும் அவரோட பணத்துலதான். அப்பாவைப் பாத்துக்கறதுக்குன்னு அவருக்கு ஒரு தொகை வந்துச்சில்ல, அதுல. மார்ச்ல அது நின்னுச்சு, இதுவும் சேந்து நின்னுடுச்சு."

மார்ச்சில் அவனைப் புதைத்தார்கள். அதற்கப்புறம் எரிந்த விளக்கு, ஓடிய ஏசி, பக்கத்து அறையில் இருபத்துநாலு மணி நேரமும் உறுமிக்கொண்டு அவள் புருஷன் கிளாரியின் மூக்குக்கு ஆக்சிஜன் அனுப்பிய மெஷின், எல்லாமே காசு கட்டாமல் ஓடியவை. சேச்சே, அவன் இருந்தவரைக்கும் அவன் சம்பாத்தியத்தில்தான் அப்பன் மூச்சு விட்டிருக்கிறான். பெற்றவளுக்கு இது தெரியாமல் போய்விட்டதே!

"வெட்டிட்டா அவரு மெஷின்?" என்று கேட்டாள்.

"மெஷின் வேற இருக்கா?" ஸ்பைரோ தலையில் கை வைத்துக்கொண்டான். பைக்குள் துழாவி ஒரு தாளை எடுத்தான். "இந்தா பாருங்க, டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கி இதை அனுப்பியிருந்தா இந்த வீட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டோம். சிலிண்டர் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. மிஞ்சிப்போனா மூணு மணி நேரம். அப்புறம் ஆம்புலன்ஸ்தான். போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனவரு ரெண்டு மாசம் வீட்டுக்கே வரல. இன்னொரு தடவை போனா வர மாட்டாரு தம்பி. எனக்குத் தெரியும்."

"போன் போடுங்க. கணக்கை உங்க பேருக்கு மாத்துங்க, பிடித்தத்தையும் உங்க பென்ஷனுக்கு மாத்தச் சொல்லுங்க. பேசி முடிக்கற வரைக்கும் நான் மீட்டரைத் தொடல."

அந்த வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. பின்பக்கம் துணிக்கொடிக்கு அடியில் நின்றால்தான் போன் பேசும். துணிக்கொடி இருப்பதோ கிளாரி படுத்திருக்கும் ஜன்னலுக்கு நேர் எதிரே. டல்சி தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு குரல் நடுநடுவே வந்து சொல்லிவிட்டுப் போயிற்று. முக்கியமாம்! கால் கடுத்தது. உட்கார்ந்தால் சிக்னல் போய்விடும்.

கடைசியில் டீகன் என்று ஒரு பெண் வந்தாள். சின்னப் பெண், நல்ல மாதிரியாகத்தான் பேசினாள்.

"கணக்கு யார் பேர்ல இருக்கு?"

"என் மகன் பேர்ல. அவன் போயிட்டாம்மா."

"ரொம்ப வருத்தமா இருக்கு. அவரோட முழுப் பேர் சொல்லுங்க."

"அதைச் சொல்லக் கூடாதும்மா. லெட்டர்ல நம்பர் இருக்கு, நம்பர் சொல்றேன்" என்று டல்சி அதை வாசித்தாள்.

"நம்பர் பத்தாதுங்க. பேரையும் சொன்னாத்தான் கணக்குல எதையும் மாத்த முடியும்."

ஸ்பைரோ போனை வாங்கினான். "நான் உங்க கம்பெனி ஆளுதான், இங்கதான் நிக்கிறேன். பேரை நான் சொல்லட்டுமா? அவங்க வழக்கத்துல..."

"நீங்க சொல்லக் கூடாது சார். பேசறதுக்கு அனுமதி உள்ளவங்கன்னு அவர் ஒருத்தரைத்தான் சேத்திருக்காரு. அவங்கம்மாவை. அவங்களே வாயால சொல்லணும். நான் விதியை மீறினா என் வேலை போயிடும்."

ஸ்பைரோ போனைத் திருப்பிக் கொடுத்தான். "நான் முன்பக்கம் போயிடறேன் ஆன்ட்டி, என் காதுல விழாது" என்று சொல்லிவிட்டு வேலியோரமாக நடந்து போனான்.

டல்சி ஜன்னலைப் பார்த்தாள். மூடியிருந்தது. ஏசி ஓடியது, மெஷின் ஓடியது. கிழவர் நேற்று ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் விடியற்காலையில்தான் தூங்கியிருந்தார். இந்த விஷயத்தில் அவரைப் போலக் கண்டிப்பானவர் கிடையாது. போன மாதம் சிலிண்டரோடு போயிருந்த சர்ச்சில் யாரோ அந்தப் பெயரை வாய்தவறிச் சொல்லிவிட்டதற்காகப் பாதிக் கூட்டத்தில் எழுந்து வந்துவிட்டார்.

அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, போனைக் கையால் பொத்தி, முனகலாகச் சொன்னாள். ஒன்பது மாதத்துக்கப்புறம் அவள் வாயில் அது புதுச்சொல் மாதிரி இருந்தது.

"ஹலோ? விட்டு விட்டுக் கேக்குது. கொஞ்சம் சத்தமா சொல்றீங்களா?"

கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

"லைன் சரியில்ல போலிருக்கு. இன்னும் ஒரே ஒரு தடவை. இல்லேன்னா நீங்க மறுபடி கூப்பிட வேண்டியிருக்கும்."

மறுபடியா? இன்னொரு நாற்பது நிமிஷமா? டல்சிக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. அந்தப் பெண் மேல், கம்பெனி மேல், இந்தப் பாழாய்ப்போன வெயில் மேல், சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட்டவன் மேல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முழுக் குரலில் கத்தினாள். தெருக்கோடியில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவனைச் சாப்பாட்டுக்கு எந்தக் குரலில் கூப்பிடுவாளோ அதே குரல்தான் வந்தது. அந்தப் பெயருக்கு அவளிடம் வேறு குரல் இல்லை.

"கேட்டுச்சு. நன்றிங்க" என்றாள் டீகன். அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கணக்கு டல்சி பேருக்கு மாறியது. பிடித்தம் அடுத்த பென்ஷனிலிருந்து தொடங்கும். டாக்டர் காகிதத்துக்கு இரண்டு வாரம் தவணை. இன்று வெட்டு கிடையாது. ஸ்பைரோ வேலிக்கு அப்பாலிருந்து கையை உயர்த்திக் காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

டல்சி உள்ளே வந்தாள். கிளாரி எழுந்து உட்கார்ந்திருந்தார். தூக்கம் முழுதாகக் கலையவில்லை. மூக்குக்குழாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் போர்வையைத் தட்டி விட்டிருந்தார்.

"வந்துட்டானா கிழவி? கூப்பிட்டியே."

"இல்ல கிழவா" என்றாள் டல்சி. "கரண்டுக்காரங்ககிட்ட பேசிட்டிருந்தேன்."

அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்து, குழாயை வாங்கி, அவர் மூக்கில் மாட்டிவிட்டாள்.