அமாவாசைத் தண்ணீர்

பந்தல்காரர்கள் இரண்டாவது கம்பத்தை நட்டுக்கொண்டிருந்தபோது சித்ராவின் போன் அடித்தது. கொச்சியிலிருந்து கொழுந்தன் குமரகுரு.

“அண்ணி, இன்னும் கெளம்ப முடியலீங்க. ஆஸ்பத்திரித் தெருவுல முழங்கால் தண்ணி. ஆம்புலன்ஸ் உள்ள வர மாட்டேங்குது.”

“மழையா தம்பி?”

“மழ எங்கீங்க. வெயிலு சுள்ளுன்னு அடிக்குது. கடல் ஏறி வந்திருக்குதுங்க. அமாவாசைங்கல்ல. பத்து மணிக்கு மேலதான் எறங்குமாம்.”

சித்ரா வாசற்படியில் உட்கார்ந்தாள்.

அவள் புருஷன் அருணகிரி ஒன்பது வருஷமாக நாமக்கல்லிலிருந்து கொச்சியை ஒட்டிய ஒரு தீவுக்கு முட்டை வண்டி ஓட்டியவன். இந்த இரண்டு வருஷமாகத்தான் அவன் வீடு திரும்பும் நேரம் தப்ப ஆரம்பித்தது. மாதத்தில் இரண்டு முறை, அரை நாள் தாமதம். காலண்டரில் பார்த்தாள். அமாவாசை, இல்லாவிட்டால் பௌர்ணமி. கேட்டால், கடல் தெருவுக்குள் வந்துவிட்டது, வண்டியை எடுக்க முடியவில்லை என்பான். கோடையில் டேங்கர் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் அவள். மேகமே இல்லாமல் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதை எப்படி நம்புவாள்?

“எவ ஊட்டுல தண்ணி ஏறுச்சு?” என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

அவன் சிரித்தான். “ஒருக்கா நீயும் வண்டில ஏறு. கண்ணால பாத்துக்க.” பிறகும் இரண்டு மூன்று முறை கூப்பிட்டான். அவள் போகவில்லை. அவனும் சிரிப்பதை விட்டுவிட்டான்.

நேற்றுச் சாயங்காலம் கடைசியாகப் பேசினான். “தண்ணி வடிஞ்சதும் கெளம்பறேன் சித்ரா. நெஞ்சு வேற ஒரு மாதிரி கரிக்குது.”

“அந்தத் தண்ணிகிட்டயே இருந்துக்குங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து, அங்கே முட்டை வாங்கும் கடைக்காரர் கூப்பிட்டார். அருணகிரி சரக்கு இறக்கிய இடத்திலேயே சரிந்துவிட்டாராம். ஆட்டோ தண்ணீருக்குள் வராததால், கட்டிலில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தார்களாம். ரோட்டை எட்டுவதற்குள் முடிந்துபோயிற்றாம். ராத்திரியே குமரகுரு கொச்சிக்குக் கிளம்பிப் போனான்.

“தம்பி, எனக்கு அதக் காட்டறியா?” என்றாள் போனில்.

குமரகுருவுக்குப் புரியவில்லை. “எதைங்க?”

“தண்ணிய.”

வீடியோவில் தெரு வந்தது. நீல வானம். தண்ணீரில் வெயில் மின்னியது. செங்கல் அடுக்கி ஸ்கூட்டரை ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டுக்குள் கட்டிலில் காலைத் தூக்கி வைத்து ஒரு பெண் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு செருப்பு மிதந்துகொண்டிருந்தது. யாரும் அவசரப்படவில்லை. படம் நின்ற பிறகும் சித்ரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் காளியாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “எம்பையன எப்பக் கொண்டாருவாங்க சாமி?”

“தண்ணி வடிஞ்சதும் கெளம்பிருவாங்க அத்தை.”

பக்கத்தில் நின்ற உறவுக்காரர் ஒருவர் இழுத்தார். “வெயிலு இந்தப் போடு போடுது. என்ன தண்ணி? வேற ஏதாச்சும் வில்லங்கமா இருக்கப் போவுது, நல்லா விசாரிங்க.”

“தண்ணிதானுங்க” என்றாள் சித்ரா. “அங்க அமாவாசைக்கு வரும். பௌர்ணமிக்கும் வரும். அவர் சொல்லியிருக்காரு.”

பத்தரைக்குக் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. பாலக்காடு, கோயமுத்தூர், பெருந்துறை என்று குமரகுரு ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தான். ஒவ்வொன்றையும் அவள் மாமியாரிடம் போய்ச் சொன்னாள். மற்ற நேரம் தெருமுனையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். வண்டிச் சத்தம் எது கேட்டாலும் எழுந்தாள்.

ஐந்து மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. பந்தலுக்கு அடியில் பெஞ்சில் கிடத்தினார்கள். அழுகை எழுந்து, மெல்ல அடங்கியது. குளிப்பாட்டுவதற்காக ஆண்கள் குடங்களோடு வந்தார்கள்.

“கொஞ்சம் இருங்க” என்றாள்.

போர்த்தியிருந்த துணியைக் காலடியில் விலக்கினாள். பேன்ட் இரண்டு கால்களிலும் முழங்கால்வரை சுருட்டி விடப்பட்டிருந்தது. யாரும் அதை இறக்கிவிடவில்லை. சித்ரா வலது காலின் மடிப்பை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். கடைசிச் சுற்றுக்குள் கறுப்புச் சேறு இன்னும் ஈரமாக இருந்தது.

“தண்ணி ஊத்தலாமுங்களா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

இடது காலின் மடிப்பை அவள் பிரிக்கவில்லை. அதன்மேல் கையை வைத்தபடி இருந்தாள்.